ஷெட்டுக்குப் போன தாக்குதல்

திட்டம் போடுகிறவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. திட்டம் சொதப்பினால் திட்டத்தின் மேல் சந்தேகம் வராது. உலகம்தான் ஒத்துழைக்கவில்லை என்று தோன்றும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது திருச்சியில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படித்தபோது. அப்போது எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணிக்கு நான் கேப்டன். (பிரமாதமாக ஆடுவேன் என்று நினைத்துவிட வேண்டாம். யாருக்கு என்ன சைஸ் பூட்ஸ், யார் வீட்டில் எத்தனை மணிக்கு மேல் விடமாட்டார்கள், எந்த பஸ் எப்போது வரும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் கேப்டன்.)

எங்கள் தாக்குதல் முறை மிக எளிமையானது. பந்தை ஷமீமாவிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டும். ஷமீமா பாலக்கரைப் பெண். அண்ணன்களோடு சந்துக்குள் ஆடிப் பழகியவள். நிறுத்தி வைத்த பைக், காய்கறி வண்டி, படுத்திருக்கும் மாடு எல்லாவற்றையும் சுற்றிப் பந்தைக் கொண்டுபோன காலுக்கு எதிரணிப் பெண்கள் ஒரு பொருட்டே இல்லை.

அந்த வருடம் எங்கள் பி.டி. சார் ஒரு நிபந்தனை வைத்தார். சாயங்கால நேரத்து மைதானத்தின் மேல் கிரிக்கெட் பையன்களுக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

"வர்ற டோர்னமென்ட்ல ஒரு மேட்ச்சாவது ஜெயிச்சுட்டு வாங்கம்மா. இல்லைன்னா கிரவுண்டை அவனுங்களுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

நாங்கள் கவலைப்படவில்லை. எங்களிடம்தான் ஷமீமா இருக்கிறாளே.

அடுத்த வாரம் அவளுடைய அக்கா கல்யாணம். வாழ்நாளில் முதல் முறையாக ஹீல்ஸ் போட்டுக்கொண்டு மண்டபத்துப் படியில் இறங்கியிருக்கிறாள். "கால் லேசா திரும்பிடுச்சுடி" என்று போனில் சொன்னவள் போட்டோவும் அனுப்பினாள். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கத்தரிக்காய் இருந்தது. நிறமும் அதே நிறம்.

டோர்னமென்ட்டில் ஓர் அணிக்கு ஏழு பேர். எங்கள் பிரிவில் எங்களுக்கு இரண்டே ஆட்டம், ஒரு வார இடைவெளியில். முதல் ஆட்டத்தில் தோற்றோம். பழக்க தோஷத்தில் எல்லோரும் ஷமீமா நிற்கும் இடத்துக்கே பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் புல் மட்டும் இருந்தது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து புதிய தாக்குதல் முறையை வடிவமைத்தேன். ஒருத்தியை நம்பாமல் ஏழு பேரும் சேர்ந்து நகர வேண்டும். இடது ஓரமாக ஒன்று, வலது ஓரமாக ஒன்று, நடுவில் நீளமாக அடித்துவிட்டு எல்லோரும் துரத்துவது ஒன்று, ஆபத்து என்றால் மொத்தப் பேரும் பின்னால் ஓடிவருவது ஒன்று. நான் கத்தினால் நகர வேண்டும். முதலில் அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்தேன். மைதானத்தில் ஒருத்திக்கும் நினைவில் நிற்கவில்லை. பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்த கோகிலாவை ஷமீமாவின் இடத்துக்கு மாற்றியிருந்தேன். துறையூர்க்காரி, ஓட்டத்தில் கெட்டிக்காரி. அவள்தான் அலுத்துக்கொண்டாள்: "எல்லாருக்கும் தெரிஞ்ச பேரா வைடி. பரீட்சை மாதிரி இருக்கு."

அப்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. நாங்கள் எல்லோருமே பஸ்ஸில் தொங்கி வளர்ந்தவர்கள்; அதனால் ஸ்டாப் பெயர்கள். இடது பக்கம் என்றால் 'சத்திரம்'. வலது பக்கம் 'ஜங்ஷன்'. நீளமாக அடித்தால் 'சமயபுரம்'. எல்லோரும் பின்னால் ஓடி வர 'ஷெட்டு', அதாவது ஓட்டம் முடிந்து வண்டி போய் நிற்கிற இடம். பத்தே நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு விதியும் போட்டேன்: காதில் விழுந்ததும் ஓட வேண்டும், யோசிக்கக் கூடாது. வாரம் முழுவதும் கத்திக் கத்திப் பயிற்சி கொடுத்ததில் அணி கடிகாரம் போல நகர்ந்தது. என் தொண்டைதான் போய்விட்டது. சனிக்கிழமை காலை நான் காபி கேட்டபோது, யாரோ ஆம்பளை வந்திருக்கிறார் என்று அம்மா கதவைத் திறக்கப் போனாள்.

இரண்டாவது ஆட்டம் ஸ்ரீரங்கத்தில். மைதானத்தைப் பார்த்ததும் நான் கவனித்தவை: புல் பரவாயில்லை, வெயில் முகத்தில் அடிக்காது, கோல் கம்பம் நேராக இருக்கிறது. கவனிக்காதது ஒன்றுதான். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்.

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில், பந்து வலது ஓரத்தில் எங்களிடம் அழகாக வந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கிட்டத்தட்ட என் அன்றைய குரலில் ஒரு குரல் எழுந்தது.

"சத்திரம் சத்திரம் சத்திரம்!"

என் அணி மொத்தமும் இடது பக்கம் ஓடியது. வலது பக்கத்தில் பந்தோடு ஒரு பெண் மட்டும் திருவிழாவில் தொலைந்த குழந்தை போல நின்றாள். நான் "ஜங்ஷன்!" என்று திருத்தினேன். எல்லோரும் வலது பக்கம் திரும்பினார்கள். அடுத்த பிரைவேட் பஸ் வந்தது. "திருவானைக்கோயில், சத்திரம், ஜங்ஷன் ஏறு ஏறு ஏறு!" என் அணி முதலில் இடது பக்கம் போய், பிறகு வலது பக்கம் வந்தது. நல்லவேளை, திருவானைக்கோயிலுக்கு நான் எதுவும் ஒதுக்கவில்லை.

எதிரணி முதலில் பயந்தது. இது ஏதோ புது டெக்னிக் என்று அவர்களும் கூடவே ஓடிப் பார்த்தார்கள். பிறகு, இது டெக்னிக் இல்லை என்று புரிந்துகொண்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கண்டக்டர் விசில் ஊதி "போலாம் ரைட்" என்றார். ரெஃபரி விசில் என்று எங்கள் பின்களம் நின்றுவிட்டது. அவர்கள் நிற்கவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம்.

இடைவேளையில் ஷமீமா பெஞ்சிலிருந்து எழுந்தாள். கால் முழுக்கக் கட்டு. எங்களுக்கென்று வந்திருந்த ஒரே பார்வையாளரான என் அப்பா அவளைக் கைத்தாங்கலாக மதிலோரம் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். தன் வண்டிக்குக் காத்திருந்தபடியே மற்ற வண்டிகளுக்கும் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார் ஒரு கண்டக்டர்.

"அண்ணே, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்கண்ணே" என்றாள் ஷமீமா.

"கத்தலைன்னா எப்படிம்மா ஆளு ஏறும்?"

"நீங்க சத்திரம்னா எங்க பிள்ளைங்க லெஃப்ட்ல ஓடுதுங்கண்ணே."

அவர் அவளைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். அடி காலில் மட்டும்தானா என்று யோசிப்பது தெரிந்தது. அப்பா நடுவில் புகுந்தார். "அது ஒரு ஏற்பாடுங்க. எம்பொண்ணு பண்ணுனது. இந்த மேட்ச் தோத்துட்டா இதுங்களுக்கு விளையாட கிரவுண்டு கிடையாதுங்க."

"கிரவுண்டே கிடையாதா?" கண்டக்டர் முகம் மாறியது. "அப்படின்னா சரி. எல்லா வண்டிக்கும் நான் சொல்லிடறேன். நீங்க போயி ஆடுங்கம்மா."

(பெயரை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு வாரப் பயிற்சியை அஞ்சு நிமிஷத்துல மாத்த முடியுமாங்க? மேலும், தப்பு திட்டத்தில் இல்லையே.)

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். இரண்டாம் பாதி முழுக்கப் பஸ்கள் துக்க வீட்டுக்கு வருவது போல வந்து போயின. விசில் கூடக் கிடையாது; பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு, அவ்வளவுதான். என் திட்டம் முதல் முறையாகத் திட்டம் போல நடந்தது. நான் "ஜங்ஷன்" என்றேன், வலது ஓரம் திறந்தது. அங்கிருந்து வந்த பந்தைக் கோகிலா காலை நீட்டி வலைக்குள் தள்ளினாள். ஒன்றுக்கு ஒன்று. பெஞ்சில் ஷமீமா ஒற்றைக் காலில் குதித்தாள்.

கடைசி நிமிடம். "சமயபுரம்" என்று அடித்தேன். எல்லோரும் துரத்தினார்கள். எதிரணி கோல் கீப்பர் முன்னால் ஓடிவந்து வழுக்கி விழுந்தாள். பந்து கோகிலாவின் காலில். எதிரே கோல் கம்பம், வலை, காற்று. வேறு யாருமில்லை. இன்னும் இரண்டு எட்டு வைத்து ஒரு தட்டுத் தட்டினால் மைதானம் எங்களுடையது.

அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காலி வண்டி வந்து நின்றது. அறிவிப்பே இல்லாத பஸ்களைப் பார்த்துப் பார்த்துக் குழம்பியிருந்த கூட்டம், எதுவானாலும் சரி என்று அதில் முண்டியடித்து ஏறியது. ஸ்டாப்பில் நின்ற நம் கண்டக்டர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்?

"ஏறாதீங்க, ஏறாதீங்க! ஷெட்டு! வண்டி ஷெட்டுக்குப் போவுது! ஷெட்டு ஷெட்டு!"

கோகிலா பந்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும். யாரும் யோசிக்கவில்லை. அவ்வளவு நல்ல பயிற்சி. ஆறு பேரும் எங்கள் கோலைச் சுற்றி அரண் போல நின்றார்கள். (ஏழாவது ஆள் நான். நானும் நாலு அடி ஓடிவிட்டேன். அப்பா கவனிக்கவில்லை; நானும் வீட்டில் இதுவரை சொல்லவில்லை.) ஆளில்லாத கோலுக்கு முன்னால் பந்து தனியாகக் கிடந்தது. விழுந்த கீப்பர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நடந்துபோய் அதை எடுத்துக்கொண்டாள். ரெஃபரி விசில் ஊதினார். இது அவருடைய விசில்தான்.

"ஏண்டி வந்த?" என்றேன், இருந்த குரலில்.

"காதுல விழுந்ததும் ஓடணும்னு நீதானடி சொன்ன" என்றாள் கோகிலா, மூச்சு வாங்கிக்கொண்டே.

திங்கட்கிழமை பி.டி. சார் முன்னால் நின்றோம். டிரா என்பது வெற்றியா தோல்வியா என்று அவர் வெகுநேரம் யோசித்தார். ஷமீமா கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டாள். கடைசியில் சார் தீர்ப்புச் சொன்னார்: "பாதி ஜெயிச்சிருக்கீங்க. பாதி கிரவுண்டை வச்சுக்குங்க."

அதிலிருந்து படிப்பு முடியும் வரை ஒரே ஒரு கோல் கம்பத்தோடு அரை மைதானத்தில்தான் ஆடினோம். கிரிக்கெட் பந்து வந்து விழும்போதெல்லாம் குனியவும் கற்றுக்கொண்டோம்.

ஆட்டம் நடந்த அன்று அப்பாவும் நானும் பஸ்ஸில் வீடு திரும்பினோம். சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா நிதானமாகக் கேட்டார்: "ஏன் பாப்பா, கண்டக்டர் ஏறாதீங்கன்னுதானே சொன்னாரு? நம்ம பொண்ணுங்க யாரும் ஏறப் போகலையே. அப்புறம் ஏன் ஓடுனாங்க?" அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், முடியப்போகிற நேரத்தில் ஒருவர் பின்வாங்கினால் 'வண்டி ஷெட்டுக்குப் போயிடுச்சு' என்பதுதான் சொல். நான் தில்லை நகரில் ஜிம்மில் சேரப் போய் வாசலோடு திரும்பி வந்தபோது சொன்னார்கள். சித்தப்பா வீட்டுமனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போய்த் திரும்பியபோதும் சொன்னார்கள்.

போன மாதம் எனக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகம் பார்த்தாகிவிட்டது, போட்டோ பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கம் கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு என்னவோ போலாகி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா தயங்கித் தயங்கிப் பையனின் அப்பாவுக்குப் போன் போட்டார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழித்தவர், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"அது வந்துங்க... வண்டி ஷெட்டுக்குப் போயிடுச்சுங்க."

எதிர்முனையில் அந்த நல்ல மனிதர் பதறிப்போனார். "அடடா, அதுக்கென்னங்க. நாங்க கார் அனுப்பறோம்."

அனுப்பிவிட்டார்கள்.