மூன்றாம் வகுப்பு வரை படித்தவன்

டன்லப் ஸ்திரீட்,
சிங்கப்பூர்.
20-10-1968

மதிப்பிற்குரிய மச்சான் ஜனாப் காதர் மைதீன் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் நெய்னா முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் சம்சுன்னிசாவும் பிள்ளைகள் மூவரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வெள்ளைக்காரர்கள் கப்பற்படைத் தளத்தை மூடிக்கொண்டு போவதில் முதல் பட்டியலிலேயே என் பெயர் வந்ததும், இருபத்து மூன்று வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்த நான் குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த மாடி அறைக்கு வந்ததும் தாங்கள் அறிந்ததே. நாலு நற்சான்றிதழ் கையில் இருக்கிறது, ஒரே மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடவும்.

முதலில் ஜூரோங்கில் ஆணி செய்யும் புதுத் தொழிற்சாலைக்கு, டை கட்டிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனேன். மேனேஜர் தனசேகரன் என்று ஒரு பையன், நம் மூத்தவனைவிட நாலைந்து வயது பெரியவன் இருப்பான். என் சான்றிதழ்களைப் படிக்கப் படிக்க அவன் முகம் வாடிக்கொண்டே போயிற்று. "அங்கிள், நீங்க நாப்பதாயிரம் சாமானப் பார்த்தவரு. எங்ககிட்ட இருக்கிறது ஆறு சைஸ் ஆணி. உங்களுக்கு போரடிக்கும் லா" என்றான். "போரடிச்சாப் பரவாயில்ல தம்பி, வீட்ல அடுப்பெரிஞ்சாப் போதும்"னு சொன்னேன். வாசல்வரை வந்து கைகுலுக்கி அனுப்பிவைத்தான். இப்பல்லாம் இல்லைங்கிறத ரொம்ப மரியாதையாத்தான் சொல்றாங்க மச்சான்.

அப்புறம் செராங்கூன் ரோட்டுல செல்லக்கண்ணுவோட மளிகைக் கடை. ஆறு வருஷம் எனக்குக் கீழ வேலை பார்த்துட்டுப் போய் கடை வச்சவன். ஆள் தேவைன்னு வாசல்ல போர்டு தொங்குது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டான். தன் நாற்காலியில என்ன உக்காரவச்சு, டீ வாங்கிக் கொடுத்தான். போர்டைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்னு சொன்னதும் அவனுக்கு வேர்த்துப்போச்சு. "சார், நீங்க லேட்டா வந்தா நான் எப்படிக் கேக்குறது?" "நான் லேட்டா வர மாட்டேனே." "அதான் சார் பயம். நீங்க நேரத்துக்கு வந்து நான் லேட்டா வந்தா?" மறுநாள் அந்தப் பக்கம் போனேன், போர்டைக் கழட்டிட்டான்.

சரி, படிப்புதானே குறுக்க நிக்குது, அதைக் கழட்டி வச்சிடலாம்னு கேலாங்கில ஒரு கிட்டங்கிக்கு மூட்டை அடுக்குற வேலைக்குப் போனேன். பழைய சட்டை, கைலி, மூணாங்கிளாஸ் வரை படிப்புன்னு சொன்னேன். சூப்பர்வைசர் நல்ல மனுசன், என் முதுகைத் தட்டிப் பார்த்து, "நாளைக்கே வந்துடு"ன்னுட்டார். அத்தோட எழுந்து வந்திருக்கணும். மேசையில அவர் எழுதிவச்ச இங்கிலீஷ் நோட்டீஸ் கிடந்தது, ரெண்டு எழுத்துப் பிழை. வாயை மூடிக்கிட்டுத்தான் மச்சான் இருந்தேன், கை கேக்கல. பென்சிலை எடுத்து ரெண்டையும் சுழிச்சுட்டேன். அவர் நோட்டீஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து கதவைச் சாத்தினார். "ஐயா, உண்மையச் சொல்லுங்க. என்னை வேவு பாக்க முதலாளி அனுப்பினாரா?" இல்லைன்னு நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடிக்கிட்டே போச்சு. டாக்சி பிடிச்சு ஏத்திவிட்டுட்டார்.

இப்பவும் பிள்ளைங்க பாக்கணும்னு தினம் காலையில டை கட்டிக்கிட்டுக் கிளம்புறேன். போய் பள்ளிவாசல்ல உக்காந்திருக்கேன். பாங்கு சொல்ற மோதினார் "இன்னிக்கும் லீவா?"ங்கிறார். குவார்ட்டர்ஸ்ல இருந்த நாள்ல என் கதவைத் தட்டி வேலை கேட்டு வந்த எத்தனை பேரை அப்புறம் பாக்கலாம்னு அனுப்பினேன்னு அங்க உக்காந்து யோசிக்கிறேன். ஒருத்தர் முகமும் ஞாபகம் வரல.

ஆகையால் மச்சான், தங்கள் சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவும் வேலையானாலும் எனக்குத் தர வேண்டுகிறேன். நோன்புக்குள் குடும்பத்தோடு பினாங்குக்கு வந்துவிடுகிறோம். நான் இங்கே என்னவாக இருந்தேன் என்று மட்டும் அங்கே ஒருவருக்கும் தெரிய வேண்டாம்.

தங்களுக்கும் வீட்டில் அனைவருக்கும் எங்கள் சலாம். தங்கள் கடையில் பரக்கத் பெருக என்றும் துஆ செய்யும்,
நெய்னா முகம்மது.

பி.கு.: உறையை ஒட்டும்போது தங்கள் தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க காக்காவுக்கு இதை அனுப்பாதீங்க" என்றாள். கீழ்வீட்டு ஆமினா பீவியோடு போன வாரம் சட்டை தைக்கும் தொழிற்சாலைக்குப் போனாளாம். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். "என்ன படிச்சிருக்கேன்னு கேட்டாங்களா?" என்றேன். "ஒரு காலர் தைக்கச் சொன்னாங்க, தைச்சேன். வேற ஒண்ணும் கேக்கல. நீங்க தினம் முகம் வாடி வர்றீங்க, எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றாள். உறையிலிருந்து கடிதத்தைத் திரும்ப வெளியே எடுத்துவிட்டு, சரி என்றேன். எனவே மேலே எழுதியதைத் தள்ளிவிடவும், பினாங்குக்கு வரவில்லை. அவள் மேல் கோபப்பட வேண்டாம், பெண்பிள்ளையை வேலைக்கு அனுப்பினான் என்று என்மேல் பட்டுக்கொள்ளவும். திங்கள் முதல் சமையல் நான். மீன் ஆணத்துக்குப் புளி எப்போது ஊற்றுவது என்று தங்கள் சமையற்காரரிடம் கேட்டு உடனே எழுதவும். இந்த வேலைக்கு எனக்கு அனுபவம் போதாது என்கிறாள்.