வண்டி எப்படிக் கத்துச்சு, சொல்லுங்க!

விழுப்புரம் வட்டாரத்தில் பெரிய மனிதர்கள் என்று சொல்லிக்கொள்கிற அத்தனை பேரையும் நடுக்கடையில் நிற்க வைத்து ‘டடடட’ என்று கத்த வைத்த ஒரே பெண்மணி சத்தக்காதான். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்காரருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

விழுப்புரத்தில் அவருக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. எங்களை மாதிரி மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் கதி. மற்ற கடைகளில் போய் ஃபேன் பெல்ட் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சத்தக்காவிடம் அது நடக்காது.

“பெல்ட்டு கெடக்கட்டும். வண்டி எப்பிடி கத்துது? அத மொதல்ல சொல்லுங்க.”

சொல்வது என்றால் வாயால் வண்டி மாதிரியே கத்திக் காட்ட வேண்டும். வண்டி வயலில் கிடக்கும். அக்காவோ கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். ஆகவே, கடைக்கு வந்தவர்தான் வண்டி.

காணையிலிருந்து ஒரு கரும்பு விவசாயி வருவார். கிடா மீசை. ஊரில் அவர் இருமினால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். ஒருமுறை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டுட்டுட்டுட்டு...” என்று ஆரம்பித்தார்.

“இது மல்லாட்ட வறுக்கற சத்தம்ங்க. அடிவயித்துலேர்ந்து வரணும்.”

வேர்க்கடலை வறுக்கிற சத்தம் என்றால் ரோஷம் வராதா? மீசை மறுபடி கத்தினார். தெருவில் போன ஆடு நின்று திரும்பிப் பார்த்தது. அக்கா கண்ணை மூடித் தலையாட்டினார். “ம்ம்... இப்ப வருது. கொஞ்சம் ரேஸ் குடுங்க.” மீசை ரேஸ் கொடுத்தார். வேறு வழி?

அக்கா சொன்னதெல்லாம் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டிவனத்துக்காரர் ஒருவர் ‘கிரீச் கிரீச்’ என்று பிரமாதமாகக் கத்திக்காட்டி, அக்கா சொன்னபடி பெல்ட் வாங்கிப் போனார். போய்ப் பார்த்தால் சீட்டுக்கு அடியில் ஓர் அணில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. சண்டைக்கு வந்தவரிடம் அக்கா கொஞ்சமும் அசரவில்லை.

“அணில் சத்தத்த கொண்டாந்து வண்டி சத்தம்னு சொன்னது நீங்க. நான் இன்னாங்க பண்றது?”

மனிதர் பெல்ட்டோடு வீடு திரும்பினார்.

இந்தக் கடையில்தான் ஒருநாள் நான் போய் மாட்டிக்கொண்டேன். நானோ கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசம் கேட்கக்கூட வெட்கப்படுகிறவன். ஆனால் அன்று வெட்கப்பட நேரமில்லை. அனந்தபுரம் பக்கத்து என் நிலத்தில் நல்ல மழை பெய்து, மண் பதமாக இருந்தது. மல்லாட்டை விதைக்கு மருந்து கலந்தாயிற்று. ஏருக்குப் பின்னால் விதை போடப் பெண்கள் வந்து வரப்பில் உட்கார்ந்தாயிற்று. வண்டி மட்டும் கொஞ்ச தூரம் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. வெயில் சுள்ளென்று ஏறுகிறது. அன்றைக்கு விட்டால் ஈரம் போய்விடும். மருந்து கலந்த விதையைத் தின்னவும் முடியாது, எடுத்து வைக்கவும் முடியாது. இந்தப் போகமே அவ்வளவுதான்.

டிரைவர் ஏழுமலையை வயலிலேயே விட்டுவிட்டு பைக்கில் பறந்தேன். கடையில் நல்ல கூட்டம். மீசையும் இருந்தார்.

“அக்கா, டீசல் ஃபில்டர் ஒண்ணு...”

“எப்பிடி கத்துது?”

“நின்னு நின்னு போவுதுக்கா.”

“கத்துங்க.”

கத்தினேன். பம்ப்செட்டுக்கும் இருமலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று வந்தது. மானம் போன துக்கத்தில் கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டேன்.

“அந்தப் பெருமூச்சு வண்டி வுட்டதா, நீங்க வுட்டதா?”

“நான்தாங்கக்கா.”

கடையே சிரித்தது. “ஒரே பேஜாரா போச்சு உங்களோட. டிரைவருக்குப் போன போடுங்க” என்றார் அக்கா. ஸ்பீக்கரில் போட்டுக் கல்லா மேல் வைத்தேன். “ஏம்பா, எடுத்ததுலேர்ந்து நின்ன பொறவு வரைக்கும் ஒண்ணு வுடாம கத்து.”

ஏழுமலைக்குக் கூச்சம் என்பதே கிடையாது. “டர்ர்ர்... டடடடட... டட... ட... டொப்!”

“அப்பறம்?”

“டீசல் இருக்குதான்னு டேங்க் மூடியத் தொறப்பேங்கக்கா. ‘புஸ்’ஸுனு ஒரு சத்தம் வரும். டீசல் நெறயத்தான் இருக்குது. மூடிட்டு எடுத்தா திரும்ப ஓடுது.”

அக்கா கண்ணைத் திறந்தார். “இன்னா சத்தம்?”

“புஸ்ஸ்ஸ்!”

“மூடிக்கு அடியில இன்னா வெச்சிக்கினு இருக்கற?”

ஏழுமலையின் சுருதி இறங்கிற்று. “மழத்தண்ணி உள்ள எறங்கக்கூடாதுன்னு... பிளாஸ்டிக் கவரு ஒண்ணு போட்டு மூடினேங்கக்கா.”

மூடியில் பொடி ஓட்டை ஒன்று உண்டு. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் டீசல் கீழே இறங்கும். என் டிரைவர் அதை அக்கறையாக அடைத்து வைத்திருக்கிறான்.

“மூக்கையும் வாயையும் பொத்தினா நீ ஓடுவியா? ஜல்தியா அத எடுத்துக் கடாசு!”

கடாசினான். வண்டி கிளம்பிற்று. நான் போனை எடுக்கப் போனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார். “கட் பண்ணாதீங்க. எப்பவும் நிக்கற எடம் தாண்டட்டும்.”

கடை கப்சிப். நட்டு கேட்டு உள்ளே வந்தவரைப் பத்துப் பேர் ‘உஸ்’ என்று அடக்கினார்கள். டீ ஆறிப்போனது. திடீரென்று சத்தம் இறங்கிற்று. எனக்கு உயிரே போய்விட்டது.

“ஒண்ணுமில்ல. வரப்புகிட்ட திரும்பறான்” என்றார் அக்கா, கண்ணை மூடியபடியே.

சத்தம் மறுபடி ஏறி ஒரே சீராக ஓடியது. நின்றிருக்க வேண்டிய நேரம் போயே போய்விட்டது. வண்டிச் சத்தத்துக்கு நடுவே பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

“வெத எறங்குதுங்க!” என்றார் அக்கா. மீசை இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார்.

அக்காவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லையாம். போனைக் காதோடு வைத்துக்கொண்டு, “நல்லா ஓடுதில்ல?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போனை அவரிடமே விட்டுவிட்டு வயலுக்குக் கிளம்பினேன். என் நிலத்தை இவ்வளவு பிரியமாக ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, போனைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.