இளநீருக்குப் பின்வாங்கிய ஓபலைனா

பாளையங்கோட்டை,
19.6.1995

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் ஜாபேஸ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை கிரேஸின் கணவன் தேவசிகாமணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் சுகம். என்னோடு கோபித்துக்கொண்டு அம்பாசமுத்திரம் வந்து தங்கள் வீட்டிலிருக்கும் கிரேஸின் சுகத்துக்கு எழுதவும்.

நடந்ததில் பாதியைத்தான் அவள் சொல்லியிருப்பாள். கல்லூரி விலங்கியல் கூடத்திலிருந்து நான் ஓய்வுபெற்றபோது பழைய நுண்ணோக்கி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள் அல்லவா, அதில் ஓபலைனாவைத் திரும்பப் பார்க்க ஆசை வந்தது. தவளைக் குடலில் குடியிருக்கும் ஒட்டுண்ணி, உடம்பே ஒரே செல், கண்ணுமில்லை மூக்குமில்லை; ஆனால் சுற்றியுள்ள நீரில் பொட்டாசியம் அயனி கூடினால் அதன் மேல்தோலுக்குத் தெரிந்துவிடும், உடம்பெல்லாம் உள்ள நுண்ரோமங்கள் திசைமாறி அடித்துப் பின்னால் நீந்தும். அறுபத்தாறில் இதை மாணவர்களுக்குக் காட்டவேண்டிய அன்று பார்த்து, பொட்டாசியம் உப்புப் புட்டியை நான் போட்டு உடைத்துவிட்டேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கிரேஸ், மத்தியானம் குடிக்க வைத்திருந்த இளநீரை நீட்டினாள். "இதுலயும் பொட்டாசியம் இருக்கே சார்" என்றாள். ஒரு சொட்டு விட்டோம். பின்னால் போயிற்று. இரண்டு பேரும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே இருந்தோம். அந்த வருஷமே உங்க வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தேன், நீங்ககூட மாப்பிள்ளை ரொம்ப ஒல்லின்னு சொன்னீங்க.

அதை அவளுக்கு மறுபடி காட்டணும்னுதான் மச்சான், பாளையங்கால்வாய்ல ரெண்டு தவளை பிடிச்சு, சொன்னா வேண்டாம்பான்னு தூக்குவாளியில போட்டு அடுக்களையில வச்சேன். அன்னைக்குப் பாத்து வீட்டுல பெண்கள் ஜெபக்கூட்டம். காப்பின்னு நினைச்சு வாளியைக் கொண்டாந்து அவ திறக்க, ஒண்ணு நம்ம சபைக் குருவானவர் சம்சாரம் ஐயரம்மா மடியில குதிக்க, ஐயரம்மா துள்ளி எழும்ப, பெஞ்சு சாஞ்சு மறுமுனையில இருந்த மூணு பேரும் தரையில. எல்லாரும் போனப்புறம் கிரேஸ் மெல்ல கேட்டா: "ஒரு நாளாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுதீங்களா?" அவ்வளவுதான். பையைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டா.

தப்பி ஓடாத தவளையை அறுத்து நேத்து பாத்தேன். இளநீர் விட்டதும் ஓபலைனா அப்படியே பின்னால போச்சு. "பாரு"ன்னு வாய் வரைக்கும் வந்துட்டு. வீட்டுல ஆளில்ல. மேல பாக்கப் பிடிக்கல, மூடி வச்சுட்டேன். எப்படியாவது சமாதானம் சொல்லி அவளை அனுப்பி வையுங்க மச்சான்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளைத் தேவன் குறைவின்றி நடத்துவாராக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
தேவசிகாமணி

பி.கு.: உறையை ஒட்டுமுன்னே கிரேஸ் வந்து நிக்கா. மூக்குக்கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டாளாம். கண்ணாடியைப் போட்டு முதல்ல படிச்சது இந்தக் கடிதத்தைத்தான். விழுந்தது மூணு பேரில்ல, ஆறு பேருங்கா. அவளை அனுப்ப வேண்டாம். அண்ணனும் ஒருதரம் பாக்கட்டும்னு நுண்ணோக்கியைத் துணியில கட்டிட்டா, நாங்க ரெண்டு பேரும் நாளைக்கு அங்கன வாறோம். கடிதத்தை நானே கையில தருவேன். படிச்சுட்டு, அவ முன்னால படிக்காத மாதிரியே இருக்கவும்.