எமிலின் பெயரை அழித்த கதை

அடுத்தவர் உழைப்பை என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எனக்கு ஒரே ஒருமுறைதான் வந்தது. அந்த ஒரு முறையிலேயே நான் செத்துப்போனேன்.

பீளமேட்டில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் தற்காலிக வேலை. ஒரு பம்புசெட் கம்பெனிக்கென்று தனியாக ஒரு டெஸ்க்டாப், அதாவது கணினியைத் திறந்ததும் தெரியும் முகப்பு, பட்டியல், ஜன்னல்கள் எல்லாம், செய்து கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றார் முதலாளி. நான் செய்யவில்லை, இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டேன். எழுதியவர் எமில் என்ற வெளிநாட்டுக்காரர். ஒரு பெரிய குழு கைவிட்ட பழைய டெஸ்க்டாப்பை, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று அதன் லைசென்ஸ் சொன்னதால், அவர் எடுத்துத் தனியாளாக வளர்த்திருந்தார். அதே லைசென்ஸ் எனக்கும் அனுமதி தந்தது. நிபந்தனை இரண்டுதான்: எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது, வாங்குகிறவருக்கு மூல நிரலையும், அதாவது சோர்ஸ் கோடையும், கொடுக்க வேண்டும். நானோ 'எமில்' என்று வந்த இடத்திலெல்லாம் 'சரவணன்' என்று ஒரே கட்டளையில் மாற்றிப்போட்டேன். (பெருமையாக விசில் வேறு அடித்தேன்.)

அதன்பிறகு நிரலுக்குள் போகவே பயமாக இருந்தது. எமில் ஆங்காங்கே எழுதி வைத்த குறிப்புகள் என் பெயரில் பேசின. 'கை நடுங்குகிறது, இந்த வரியை நாளை சரிசெய்கிறேன். சரவணன்.' இன்னொரு இடத்தில், 'ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன், மீதியை யாராவது முடியுங்கள். சரவணன்.' என் கையைப் பார்த்துக்கொண்டேன். நடுங்கத்தான் செய்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். (எப்படி வரும்? சொந்த ஊரான அந்தியூரில் அப்பா, எல்லாம் என் பையன் செய்தது என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.)

டெமோ அன்று பம்புசெட் கம்பெனியில் பன்னிரண்டு கணினிகளில் போட்டுக் காட்டினேன். அங்கே கணினிப் பொறுப்பில் இருந்த கவிதா தட்டிப் பார்த்துத் திருப்தியானார். சாப்பாட்டு நேரம். இயந்திரங்கள் நின்று, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சில் இருபது நிமிடம் யாரும் கணினியைத் தொடவில்லை. முதல் திரை இருண்டது. பிறகு அடுத்தது. வரிசையாகப் பன்னிரண்டும் இருண்டன. கறுப்பின் நடுவில் வெள்ளை எழுத்துகள் மெல்ல எழுந்தன. கவிதா ஆங்கிலத்தை நிதானமாகத் தமிழில் சொன்னார்: இதைச் செய்த சரவணன் இப்போது நம்மோடு இல்லை, அவர் விட்ட இடத்திலிருந்து நாங்கள் தொடர்கிறோம்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, நீங்க எப்பங்க செத்தீங்க?"

எமில் இறந்தபின், கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் வரும்படி அவருடைய நண்பர்கள் வைத்த அஞ்சலி அது. என் கணினியில் திரை அணைவதையே நிறுத்தி வைத்திருந்ததால் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். எமில் பெயரைத் திரும்பப் போட்டு, மூல நிரலையும் கொடுத்தால் எடுத்துக்கொள்வதாகக் கவிதா சொன்னார். ஆர்டர் பிழைத்தது, என் வேலை பிழைக்கவில்லை.

இதற்குள் அங்கே வேலை பார்த்த அந்தியூர்க்காரர் ஒருவர் திரையைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார். டெமோவுக்காக அணைத்த போனை நான் மறுபடி ஆன் செய்யவே இல்லை. சாயங்காலம் பஸ் பிடித்து ஊருக்குப் போனால், எங்கள் வாசலில் செருப்புக் குவியல். என்னைப் பார்த்ததும் அம்மா அழுத அழுகையை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. எமில் வீட்டிலும் யாரோ இப்படித்தான் அழுதிருப்பார்கள். அவர்களுக்கு மிஞ்சியிருந்த பெயரைத்தான் நான் அழித்திருந்தேன். பெரியப்பா மட்டும் ஆளுயர ரோஜா மாலையோடு நின்றபடி, "இதைப் பூக்கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டானே கண்ணு" என்றார்.

இப்போதும் வீட்டில் எதையாவது காட்டி நான்தான் செய்தேன் என்று ஆரம்பித்தால் போதும், அம்மா போனைக் கையில் எடுத்துவிடுவார்.

"பெரியப்பாவ மாலை வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா கண்ணு?"