ஐஎஸ்ஐ மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போனவன் நான். ஆனால் அன்றைக்கு முகம் காட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. வந்த ஜாதகமெல்லாம் திரும்பிப் போய், மிஞ்சியது கோட்டையூர்ப் பெண் ஒருத்தி. (இதுவும் தட்டிப்போனால் காவி வேட்டி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டாள் அம்மா.) என் நம்பிக்கையெல்லாம் தலைமுடியில் இருந்தது. உச்சியில் கரை தெரியத் தொடங்கிய காலம். இடப்பக்கத்திலிருந்து ஓர் அலையை இழுத்து, தேங்காய் எண்ணெய் ஊற்றி ஒட்டி, கரையை மூடியிருந்தேன். அதன்மேல் எவனாவது ஹெல்மெட்டைக் கவிழ்ப்பானா?

வாங்கியதிலிருந்து ஒருமுறைகூடப் பூட்டாத ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, பின்னால் தாய்மாமாவை ஏற்றிக்கொண்டு, திருப்பத்தூரிலிருந்து கிளம்பினேன். காற்று அலையைக் கலைக்காத வேகம். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப்போனார்கள். மாமா மட்டும் ஹெல்மெட்டை ஒழுங்காகப் போட்டிருந்தார். முழு வழுக்கை, அவருக்கென்ன கவலை.

காரைக்குடி தாண்டியதும் ஒரு பெண் காவலர் கை காட்டி நிறுத்தினார்.

"ஏண்ணே, விழுந்தா முழங்கைதான் ஒடையும்னு முடிவே பண்ணிட்டீகளா?"

"பொண்ணு பாக்கப் போறோம் மேடம். தல கலஞ்சிரும்."

"தல இருந்தாத்தான கலையும். போடுங்க. போட்டா மட்டும் பத்தாது, வாரைப் பூட்டணும். க்ளிக்குன்னு எனக்குச் சத்தம் கேக்கணும்."

க்ளிக். என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக எதுவும் நடந்ததில்லை. அபராதச் சீட்டையும் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

கோட்டையூரில், பெண் வீட்டு வாசலில் இறங்கிப் பூட்டை அமுக்கினேன். திறக்கவில்லை. மாமா அமுக்கினார். பிறகு ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார். என் கழுத்துதான் நீண்டது.

"மாப்ளே, காது ரெண்டும் உனக்கு அவசியமா வேணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அதற்குள் பெண்ணின் அப்பா வெளியே வந்துவிட்டார். "ஏன் வெயில்ல நிக்கிறீக? அதைக் கழத்தி அங்குட்டு வச்சுட்டு உள்ள வாங்க தம்பி."

"கழல மாட்டேங்குதுங்க" என்றேன். என் குரல் எனக்கே கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

அப்படியே போய்க் கூடத்தில் உட்கார்ந்தேன். காபி வந்தது, குடிக்க வழியில்லை. என் மூச்சிலேயே முன்கண்ணாடி மங்கியது. மங்கலுக்குள் ஒரு நீலப் புடவை மேகம்போல் வந்து நின்றது.

மேகம் பேசியது. "கண்ணாடியத் தூக்குங்க. நாங்களும் மூஞ்சியப் பாக்கணும்ல."

தூக்கினேன். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள். "ஆடாம இருங்க." தாடைக்குக் கீழே இரும்பு சில்லென்று பட்டது. வார் அறுந்தது. ஹெல்மெட் கழன்று வர, கூடவே கிளம்பிய என் அலை காதோரம் வாலாகத் தொங்கியது. உச்சி, சபை நடுவே திறந்து கிடந்தது.

மாமா சுவரைப் பார்த்தார். நான் மனசுக்குள் காவி வேட்டிக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணின் அப்பா ஹெல்மெட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "ஐஎஸ்ஐ முத்திரை இருக்கு. இதுக்கு மேல மாப்பிள்ளையப் பத்தி என்னத்த விசாரிக்க?"

அவள் சிரித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி சிரித்தாள். நிச்சயமானது அங்கேதான்.

இன்றுவரை கோட்டையூரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. ஐஎஸ்ஐ மாப்பிள்ளை என்றால்தான் தெரியும். இப்போது தெருமுனைக்குப் போனாலும் ஹெல்மெட் போடுகிறேன். க்ளிக் சத்தம் கேட்கும்வரை மனைவி வாசலில் நிற்பாள். கேட்டதும் உள்ளே திரும்பிக்கொண்டே சொல்வாள்:

"தொறக்குதான்னும் ஒருக்கா பாத்துக்கங்க. பாக்குவெட்டி கோட்டையூர்ல இருக்கு."