‘இன்னாத்துக்கு’ எழுதிய எக்ஸ்டென்ஷன்

உத்திரமேரூரின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை ஓரளவு படித்தவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன்: இந்த ஊர் கண்ட சோம்பேறிகளில் முதலிடம் ‘இன்னாத்துக்கு’வுக்குத்தான். யாரெல்லாம் சபையில் உட்காரக்கூடாது என்று நம் முன்னோர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இவரை ஒரே ஒருநாள் பார்த்திருந்தால், இன்னொரு வரி வெட்டச் சிற்பியைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள்.

எதைச் சொன்னாலும் “இன்னாத்துக்கு?” என்பார். அதுவே பெயராகிவிட்டது. மொபெட்டின் ஸ்டாண்டைக் கழற்றி எறிந்துவிட்டார். “செவுரு கீது. ஸ்டாண்டு இன்னாத்துக்கு?” வண்டி இரண்டு முறை முதலாளியின் ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஸ்கூட்டரை அங்கே நிறுத்தியது முதலாளியின் குற்றம் என்று தீர்ப்பாயிற்று. டிபன் பாக்ஸுக்கு மூடி கிடையாது. “தொறக்கத்தானே போறோம்.” அவர் ஊரான மாகறலிலிருந்து வந்து சேர்வதற்குள் அவருடைய சாம்பார் சாதத்தில் பாதியைப் பை சாப்பிட்டிருக்கும்.

பஜார் வீதி மாடியில் எங்கள் அலுவலகம். பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவுகளைப் பார்த்து இணையப் படிவத்தில் ஏற்றும் வேலை. நான் தேதிகளைச் சரிபார்ப்பவன். இன்னாத்துக்கு கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவர். அதாவது, அவை ஓடுவதை நாற்காலியில் சாய்ந்தபடி பார்ப்பவர்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு உலாவி, பிரவுசர். படத்தை வைத்து ‘உருண்டை’, ‘அலை’, ‘நரி’ என்போம். தட்டச்சு செய்யும் கோகிலாவின் கம்ப்யூட்டர் கிழடு. நரியைத் தவிர எதைத் திறந்தாலும் மூச்சு நின்றுவிடும். வினை அங்கேதான். மற்றவற்றில் படிவம் நாளை முதலில் கேட்டது. நரியில் மாதத்தை முதலில் கேட்டது. நாள் பன்னிரண்டைத் தாண்டினால் பெட்டி மறுக்கும், அவள் மாற்றிப் போடுவாள். தாண்டாவிட்டால் மறுபேச்சில்லாமல் விழுங்கிவிடும். ஆகஸ்ட் ஐந்தில் பிறந்த பிள்ளைகளெல்லாம் மே எட்டில் பிறந்தார்கள். காரணத்தைக் கண்டுபிடித்தவன் நான். தெரிந்த பிறகும் வேகத்தில் அவள் விரல் பழைய வழக்கத்துக்கே போயிற்று.

“இன்னும் ஒரு தேதி தப்பா வந்தா நீ நின்னுக்கோம்மா” என்றார் முதலாளி.

கோகிலா என்னிடம் வந்தாள். “இத்த வுட்டா ராஜகுளம் பக்கம் கம்பெனிக்குத்தான் போவணும் சார். நைட் ஷிப்டு. வூட்ல வுட மாட்டாங்கோ. அத்தோட முடிஞ்சிது.”

தேதியைப் போட்டதும் பக்கத்திலேயே மாதத்தை எழுத்தில் காட்டும் எக்ஸ்டென்ஷன் ஒன்று, அதாவது உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல், இருந்தால் போதும் என்று யோசனை சொன்னேன். முதலாளி சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அவர் ஒன்றை நிறுவினார். அது ஓடுவதற்கு இன்னொன்று வேண்டும் என்றார். மூன்று உலாவிக்கும் மூன்று தனி ஏற்பாடு என்றார். நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகும் ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது.

பின்னால் நின்ற இன்னாத்துக்கு வாயைத் திறந்தார். “தம்பி, ஒரு டீ கேட்டா மாடு வாங்கச் சந்தைக்குப் போயிக்கினு கீறியே. இதெல்லாம் இன்னாத்துக்கு?”

நிபுணர் கோபித்துக்கொண்டு பேருந்து ஏறினார். இன்னாத்துக்கு நோட்பேடைத் திறந்தார். ஒரு ஃபோல்டர், அதற்குள் மூன்று கோப்பு. வேறு எதையும் நிறுவவில்லை. “நரிக்கு ஒரு பேரு, உருண்டைக்கு ஒரு பேரு சார். எந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்குதோ அந்தப் பேர்ல கூப்புடுன்னு மேல ஒரு வரி. அவ்ளோதான்.” மாலை டீ வருவதற்குள் மூன்று உலாவியிலும் பெட்டிக்குப் பக்கத்தில் ‘ஆகஸ்ட் 5’ என்று பச்சையில் மின்னியது. இந்த மனிதருக்கு இவ்வளவு தெரியும் என்பதே எனக்கு எரிச்சல்.

ஆனால் சோம்பேறி சோம்பேறிதான். உலாவிக் கம்பெனிக்கு முறைப்படி அனுப்பிக் கையொப்பம் வாங்காத எக்ஸ்டென்ஷனை நரி தற்காலிகமாகத்தான் வைத்துக்கொள்ளும்; மூடியதும் உதறிவிடும். கையொப்பம் வாங்குவது கொஞ்ச நேர வேலை. சொன்னேன்.

“கணக்குத் தொறக்கணும், பாஸ்வேர்டு வெக்கணும், அவன் மெயில் மேல மெயில் போடுவான். இன்னாத்துக்கு? நான்தான் கீறேனே.”

அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சோம்பல்பட்டு, தினமும் காலையில் எல்லாருக்கும் முன்னால் மாகறலிலிருந்து வந்து, கோகிலாவின் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். மாதக்கணக்கில். ஞாயிற்றுக்கிழமை வேலை வைத்தாலும். சோம்பேறித்தனத்துக்காக இப்படி உழைத்தவரை நான் எந்த வரலாற்றிலும் படித்ததில்லை. கோகிலாவின் தேதி ஒன்றுகூடப் பிசகவில்லை என்பதையும் பதிவு செய்யவேண்டியிருக்கிறது.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட நானே கணக்குத் திறந்து, கையொப்பம் வாங்கி, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். அன்றிரவே ஐப்பசி மழையில் செய்யாறு பெருகி, மாகறல் பாதையின் தரைப்பாலம் மூழ்கியது. அவர் வர வழியில்லை. ஒரே ஒரு தப்புத் தேதி போதும், கோகிலாவின் வேலை போய்விடும். பென்டிரைவும் கையுமாக மாடியேறினேன். அவள் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். பச்சை எழுத்து மின்னியது.

“யாரு ஏத்தினது?”

“நான்தான் சார். நாலு கிளிக்கு. மொத வாரமே பாத்துக் கத்துக்கினேன்.”

“அப்புறம் எதுக்கு அந்த ஆளு தெனமும் விழுந்தடிச்சு வரார்?”

“என் வேலைய அவுருதான காப்பாத்தி வுட்டாரு? வந்து ஏத்திட்டுப் போவட்டும் சார்.” பென்டிரைவைப் பார்த்தாள். “அத்த உள்ள வெச்சிருங்க.”

மதியத்துக்குச் சற்று முன் படியில் காலடி கேட்டது. கோகிலா சேமித்துவிட்டு, நரியை மூடி, கையைக் கட்டிக்கொண்டாள். வந்தவர் சுற்றுவழியில் இரண்டு பேருந்து மாறியிருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முழங்கால் வரை சேறு. குடை இன்னாத்துக்கு என்று விட்டு வந்திருப்பார்.

“இன்னா கோகிலா, வேல நின்னுபோச்சா?”

“நீங்க இல்லாம எப்பிடிண்ணா?”

முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். பச்சை எழுத்து வந்தது. அப்போதும் திருப்திப்படாமல் என் பக்கம் திரும்பினார். “மெய்யாலுமா சார்? காலீலேர்ந்து ஒண்ணும் நடக்கலியா?”

“ஒரு வரிகூட நகரல” என்றேன். தலையைத் துவட்டிக்கொள்ள என் துண்டை நீட்டினேன்.