திருப்பிக் கொடுக்கப் போன பெட்டி

அரசாங்கத்திடம் ஒன்றை வாங்குவதுதான் கஷ்டம் என்று ஊரே சொல்லும். திருப்பிக் கொடுக்கப் போய்ப் பார்த்தவன் நான்.

என் மனைவி செல்வி முதல் தடவை உண்டாகியிருந்தபோது, அரசு தரும் மகப்பேறு உதவிக்குப் பதிந்திருந்தோம். நெய், பேரீச்சம்பழம், சத்துமாவு என்று ஊட்டச்சத்துப் பெட்டி ஒன்று கைக்கு வந்தது. (நரிக்குடியில் என் செல்போன் கடைக்கு ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள் எல்லாரும், பாவம், அதைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது.) பிரிக்கும் முன்பே குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, உதவித்தொகையில் ஒரு தவணை ஏறியதாகச் செல்வியின் போனுக்குச் செய்தி வந்தது. படித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அவுக குடுத்ததையெல்லாம் அவுககிட்டயே குடுத்துட்டு வாங்க."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருச்சுழி பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா பெட்டியைப் பார்த்ததும், "எத்தனாவது மாசம்?" என்றார். நிஜத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏழு."

அவ்வளவுதான். முன் சீட்டும் பின் சீட்டும் சேர்ந்து எனக்கு வளைகாப்பே நடத்திவிட்டன. வேகத்தடை வரும்போதெல்லாம் கண்டக்டர், "மெல்லப் போங்கண்ணே, புள்ளத்தாச்சி வீட்டுக்காரரு இருக்காரு" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தார்.

சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"பெட்டிய வச்சிட்டுப் போங்கண்ணே. பணத்தத் திருப்பி வாங்க எங்கிட்ட வழி இல்லயே."

"எப்படியாச்சும் வாங்கிக்கங்கம்மா" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. பரிசோதனைக்கு வந்த கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். (ஆடு கத்துவது போல இருந்திருக்கும்.)

மகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"ஏப்பா, பிரசவத்துக்குப் பயந்து ஆம்பள அழுவாகளா? வலி அவளுக்குத்தான, ஒனக்கா வரப்போகுது?"

வரிசையே சிரித்தது. நர்சம்மா மட்டும் பெட்டியை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனார்.

வீட்டுக்கு வந்து நடந்ததை அப்படியே ஒப்பித்தேன். பெரியம்மா பேச்சு வந்ததும் செல்வி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து அழுதாள். அந்தப் பணத்தை நாங்கள் இன்றுவரை தொடவில்லை.

இப்போது எங்களுக்கு ஒரு மகள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவள்தான் நடித்துக் காட்டுவாள். "எங்கப்பா பிரசவத்துக்குப் பயந்து கத்துன கத்துல ஆஸ்பத்திரியே சிரிச்சுச்சாம்!" பெட்டி தனக்காக வந்தது என்றே நினைத்திருக்கிறாள். நாங்கள் திருத்தவில்லை. எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் செல்வி காபி போட எழுந்து போய்விடுவாள்.